மூன்று சொம்பு மஞ்சள் தண்ணீர்

அவிநாசி,
மே 14, வியாழக்கிழமை.

டேனியல் அவர்களுக்கு வர்ஷினி எழுதுவது. அங்கே வேலையும் உடம்பும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். “இது என்னோடது இல்லீங்க அத்தை. பிரிசில்லாவோடது. அவுங்கண்ணன் ஜோர்டான்லிருந்து அனுப்பிச்சதுங்க.” இவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது. வாய்க்குள் தயாராகவும் இருந்தது. சொல்லவில்லை.

நீங்கள் என்னை மறந்திருக்கலாம். எங்கள் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தீர்கள். வெளிநாடு போவதாக அப்பாவிடம் சொல்ல வந்த அன்று, சாம்பிள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள் நான்தான். இந்தக் கடிதத்தை ‘டேனியல் அண்ணனுக்கு’ என்றுதான் தொடங்கினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் உங்களை யாரும் அப்படி அழைத்ததில்லை. இன்று முதன்முதலாக அழைத்தால் அது காரியத்துக்காக அழைப்பதாகத்தான் இருக்கும். அடுத்து ஒரு காரியம் கேட்கவும் போகிறேன்.

முகவரியை உங்கள் தங்கையிடம் கேட்கவில்லை. நீங்கள் பிரிசில்லாவுக்கு அனுப்பிய கீபோர்டின் அட்டைப்பெட்டி எங்கள் குடோனில் கிடக்கிறது. அதன் மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுதினேன். போனில் பேசினால் நடுவில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள். கேட்டால் நான் உடனே வேறு ஏதாவது சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும்.

கீபோர்டில் சின்ன ரிப்பேர் என்று பிரிசில்லா உங்களிடம் சொல்லியிருப்பாள். சின்ன ரிப்பேர் இல்லை. இனி அது ஒலிக்காது.

நீங்கள் போன பிறகு எங்கள் பக்கத்தில் வள்ளி கும்மி மிகவும் பெருகிவிட்டது. ஊருக்கு ஒரு குழு. வேலை முடிந்து வந்து மூன்று மாதம் பழகுகிறோம், பிறகு கோயில் திடலில் இருநூறு முந்நூறு பேர் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். எங்கள் ஊர்க் குழுவுக்கு வாத்தியார் கிட்டுசாமி. பழக இடம் வேண்டும் என்று கேட்டபோது அப்பா கம்பெனி முற்றத்தைக் கொடுத்தார். செக்கிங் செக்‌ஷனில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற பெண்கள் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிரிசில்லா மட்டும் கடைசிவரை நிற்பாள். நாலாம் நாள் என்னிடம் வந்து, “வாத்தியாரு ரெண்டு கட்டைக்கு நடுவுல நின்னு பாடறாருங்க. சர்ச்சு கீபோர்டுல அந்த எடமே கெடையாது. எங்கண்ணன் அனுப்புனதுல இருக்குது” என்றாள்.

அந்தக் கருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் இர்பித் ஊரில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஒருவரிடமிருந்து நீங்கள் வாங்கியது. அந்த ஊர்க்காரர்கள் தோளோடு தோள் சேர்த்துத் தரையை ஓங்கி மிதித்து ஆடுவார்களாம்; அந்த ஆட்டத்துக்கென்றே செய்தது; சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள இடங்களுக்குத் தனிப் பொத்தான்கள் உண்டு. இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள். சிந்தசைசர் என்பாள் அவள். மற்ற எல்லோருக்கும் அது கீபோர்டு, இல்லாவிட்டால் பொட்டி. பாலைவனத்துக் கல்யாணத்துக்குச் செய்த பொத்தானை அழுத்தி எங்கள் கும்மிக்கு அவள் வாசித்த அன்று, வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முதலில், “கும்மிக்கு எதுக்குங்க பொட்டியெல்லாம்? கையும் காலும் பத்தாதுங்களா?” என்றவர் அவர்தான். பத்து நாளில், “அந்தப் புள்ள இன்னும் வரலீங்களா? பொட்டி இல்லாம கால் எந்திரிக்க மாட்டீங்குது” என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். ஜமாப் மேளம் அடிக்கிறவர்கள்கூட அவளைப் பார்த்துத்தான் அடியை மாற்றினார்கள்.

அவள் அதோடு நிற்கவில்லை. ஓவர்லாக் மெஷின் தையலைத் தொடங்கும்போது வருகிற அந்த ‘டர்ர்’, அயர்ன் மேசையில் ஆவி பீறிடுகிற சத்தம், நாங்கள் இருநூறு பேர் ஒரே சமயத்தில் கை தட்டியது, எல்லாவற்றையும் பிடித்துக் கருவிக்குள் வைத்துக்கொண்டாள். கும்மியின் கைத்தட்டலுக்கு அடியில் ஓவர்லாக் ஓடியது. கேட்டவர்களுக்கு அது ஓவர்லாக் என்று தெரியாது. ஆனால் திருப்பூரில் பிறந்த எந்தக் காலும் அதற்கு ஆடாமல் இருக்காது. பென்டிரைவ் செருகும் துளை வரும்போதே உடைந்திருந்ததால் அந்தச் சத்தங்களை வெளியே எடுத்து வைக்க முடியவில்லை. எல்லாம் உள்ளேயே இருந்தன.

இங்கேதான் என் தவறு தொடங்குகிறது. கருவி வந்த முதல் நாள் வாத்தியார், “ஆரோடதுங்க இது?” என்று கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் நான், “எங்களுதுங்க. இவ கம்பெனிப் புள்ள, இதெல்லாம் நல்லாத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். காலனியிலிருந்து வந்த பொருள் என்றால் வாத்தியார் யோசிப்பார், எங்களுடையது என்றால் யோசிக்க மாட்டார் என்று கணித்தேன். கணிப்பு சரியாகவே இருந்தது. அன்று பிரிசில்லா சிரித்துக்கொண்டே, “என்னங்க, ஒரே நாள்ல பொட்டிய எழுதி வாங்கிட்டீங்க?” என்றாள். அரங்கேற்றம் முடிந்ததும் மைக்கில் நானே உண்மையைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் அவள் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. கோவையில் பாட்டுப் பதிவு ஸ்டூடியோ வைத்திருக்கும் அருள்செல்வன் என்பவருக்கு அவள் தான் வாசித்ததில் ஓர் ஒலித்துண்டை அனுப்பியிருந்தாள். அவர், அரங்கேற்றத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை கருவியோடு வா, எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு, சரியாக இருந்தால் ஸ்டூடியோவிலேயே வேலை என்று சொல்லியிருந்தார். செக்கிங் மேசையில் வேலையை விடப்போவதாக அவள் சொல்லியும் விட்டாள். இதை உங்களிடம் வேலை கிடைத்த பிறகு சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி வேனில் கருவியைக் கொண்டுவந்து மாரியம்மன் கோயில் திடல் மேடையில் வைத்தோம். அவளுக்கும் எங்கள் பச்சைச் சேலை ஒன்றைக் கொடுத்திருந்தேன். இருநூறு பச்சைச் சேலையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கம்பெனி முற்றத்தில் மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை. கம்பெனியில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கோயில் திடல் வேறு என்பதை நான் யோசிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். நடக்காது என்று இருந்தேன்.

அப்பாவின் அக்கா, பழனாயி அத்தை, கண்டுபிடித்துவிட்டார். மேடைக்கு அருகில் வந்து கண்ணைச் சுருக்கி, “ஏ புள்ள, நீ காலனி வெள்ளையன் பேத்தியல்ல? உங்கொப்பன் பூபாலன் எங்க தோட்டத்துல தண்ணி கட்டுனவனாச்சே” என்றார். பிரிசில்லா, “ஆமாங்க” என்றாள்.

யாரும் கத்தவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். எல்லோரும் மிக மரியாதையாகப் பேசினார்கள். வாத்தியார் என்னைப் பார்த்து, “ஏனுங்க, இத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க” என்றார். அத்தை பிரிசில்லாவிடம், “எறங்கி வேன்ல போய் உக்காந்துக்க சாமி. வெயிலு நெம்ப அடிக்குது பாரு” என்றார். அவள் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மேடையில் ஏறும்போதே அவள் அதைக் கழற்றி வைத்திருந்தாள்.

மேடையில் கருவி இருந்தது. அதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வழக்கமாக எல்லா வாத்தியத்துக்கும் கொடுமுடிக் காவிரித் தீர்த்தத்தில் மஞ்சள் கலந்து நாலு சொட்டுத் தெளிப்பார்கள். “தெளிச்சுட்டாப் போதுமுங்க” என்றார் வாத்தியார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “மேலால தெளிச்சா எப்படிங்க? சந்துசந்துக்குள்ள அவ வெரலு போயிருக்குமல்ல? கழுவித்தான் எடுக்கோணும்” என்றார். கரண்ட் சாமான் என்று யாரோ சொன்னார்கள். “ஒயரக் கழட்டிட்டா என்ன கரண்டு? ஊட்டுல மிக்சியக் கழுவறதில்லையா? கழுவி வெயில்ல காய வெச்சா ஆச்சு.” நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா அங்கேயே நின்றிருந்தார். நிட்டிங் மெஷின் போர்டு மேல் தண்ணீர் பாட்டில் வைத்ததற்காக ஓர் ஆப்பரேட்டரை அவர் அதே நாளில் வேலையை விட்டு அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டு உள்ளே போனால் என்ன ஆகும் என்று அந்தத் திடலில் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். அங்கே நின்ற ஆண்களில் பாதிப்பேர் கம்பெனி வைத்திருப்பவர்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தை என்னிடம் திரும்பினார். “ஏங்கண்ணு, இது உன்றதுதான? வேற ஆரோடதாச்சும்னா திருப்பிக் குடுத்துப்போட்டு நாம பதிவு பண்ணுனதப் போட்டு ஆடிக்கலாம். உன்றதுன்னா நீயே கழுவிரு.”

மேலே நான் எழுதிய வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அத்தையே வழியைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். சொல்லியிருந்தால் கருவி வேனுக்குப் போயிருக்கும், பிரிசில்லா அதோடு கோவைக்குப் போயிருப்பாள். ஆனால் மூன்று மாதம் பொய் சொன்னவள் நான் என்று அத்தனை பேர் முன்னால் தெரிந்திருக்கும். அத்தை என் வருங்கால மாமியார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் மகன் நித்தீஷுக்கும் எனக்கும் ஆவணியில் கல்யாணம்.

“ஆமாங்க அத்தை” என்றேன்.

சொம்பை என் கையில் கொடுத்தார்கள். வேன் பக்கமிருந்து பிரிசில்லா அப்போது ஒரே ஒருமுறை குரல் கொடுத்தாள். நிறுத்தச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். “ஒயரு இன்னும் செருகித்தான் இருக்குது வர்ஷினி. புடுங்கிருங்க. உங்களுக்கு ஷாக் அடிச்சிரும்” என்றாள்.

ஒயரைப் பிடுங்கினேன். மூன்று சொம்பு ஊற்றினேன். கட்டைகளுக்கு நடுவில் மஞ்சள் தண்ணீர் இறங்கி அடியில் ஸ்குரூ துளை வழியாகச் சொட்டியது. அத்தை பின்னால் நின்று, “அந்தக் கடேசிப் பக்கம் விட்டுட்டியே கண்ணு” என்றார். அந்தப் பக்கமும் ஊற்றினேன்.

அரை மணி வெயிலில் வைத்து மறுபடி கரண்ட் கொடுத்தார்கள். விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது. “சரி போ, பழைய பொட்டி” என்றார் யாரோ. ஒத்திகையை மைக்செட்காரர் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டு முழுசும் அதில் இருந்தது. அதைப் போட்டோம். ஆனால் மேடை வெறுமையாக இருந்தால் வீடியோவில் நன்றாக இருக்காதாம். செத்த கருவிக்கு மாலை போட்டு ஸ்டாண்டில் வைத்தார்கள். அத்தை மகனைக் கூப்பிட்டு, “நித்தீசு, நீ போய் நில்லுடா. சும்மா கைய வெச்சு ஆட்டு” என்றார். அவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றான். அவன் விரல் பட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் எழும்பியது. நான் முதல் வரிசையில் ஆடினேன். நன்றாகத்தான் ஆடினேன். ஓவர்லாக் ஓடியது, கால் தானாக எழுந்தது.

வேன் கண்ணாடிக்குப் பின்னால் பிரிசில்லா முழுவதையும் பார்த்தாள். திரும்பும் வழியில் கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பச்சைச் சேலை மடியில் மஞ்சளாகிவிட்டது.

அன்று மாலைக்குள் வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. கும்மிக்கு இப்படி ஒரு இசையா என்று கேட்டுத் தெரியாதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரர் யார் என்று கேட்டார்கள். நித்தீஷ் எல்லோருக்கும் நன்றி சொன்னான்.

திங்கட்கிழமை அவள் கருவி இல்லாமல் கோவைக்குப் போனாள். பதினொரு மணிக்கு அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள். அருள்செல்வன் அந்த வீடியோவை அவளிடம் காட்டி, இந்தப் பையன் வாசிப்பதை நீ வாசித்தது என்கிறாயே அம்மா என்று கேட்டாராம். “நீங்க ஒரு வார்த்த சொல்லீருங்க வர்ஷினி. போதும்” என்று போனை அவரிடம் கொடுத்தாள். அவர், “ஏனுங்கம்மா, இந்த இசை போட்டது இந்தப் புள்ளயா, மேடையில நின்ன பையனா?” என்று கேட்டார். நான் சாம்பிள் ரூமில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சொல்லிக்கொண்ட எந்தச் சமாதானமும் அந்த அறைக்குப் பொருந்தாது.

“எல்லாருஞ் சேந்து பண்ணுனதுங்க” என்றேன்.

அவர் சிரித்து, “புரியுதுங்க” என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பிரிசில்லா பழைய செக்கிங் மேசைக்கே வந்துவிட்டாள். அப்பா அவளை மறுபடி எடுத்துக்கொண்டார். அதைத் தன் பெருந்தன்மை என்று நினைக்கிறார். புதிதாக ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்துவிடலாம், அதோடு பேச்சு முடியட்டும் என்றும் சொன்னார். புதியதில் அந்தச் சத்தங்கள் இருக்காது என்றேன். “சத்தம் என்ன கண்ணு, கம்பெனி பூராச் சத்தந்தான்” என்றார். நேற்று அவள் மேசைப் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்க என்று போய், பீஸ் எத்தனை முடிந்தது என்று கேட்டேன். “அறுபதுங்க மேடம்” என்றாள். மூன்று மாதம் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவள்.

நான் நிறையப் படிக்கிறவள். கொடுமை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பக்க ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்றவள்கூட இல்லை. சொம்பு என் கையில் இருந்தது.

இப்போது நான் கேட்க வந்தது. மூன்று மாதமாக அவள் வாசித்துப் பழகியதையெல்லாம் போனில் எடுத்து உங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் போன் பழையது. அதில் எதுவும் மிஞ்சவில்லை. உங்களிடம் இருக்கும். அவள் முகமும் கையும் தெரிகிற அந்தத் துண்டுகளைத் தேதியோடு அருள்செல்வனுக்கு அனுப்புங்கள். அவர் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் இந்தப் பாட்டுகளை நித்தீஷ் பெயரில் வெளியிடப் பேசிக்கொண்டிருக்கிறார். அதற்குள் அனுப்ப வேண்டும். ‘என் பெயரைச் சொல்ல வேண்டாம்’ என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று தாளை மாற்றவில்லை.

இங்கே ஐந்து நிமிட நடையில் இருக்கிற நான் சொல்ல வேண்டியதை, கடல் தாண்டி இருக்கிற உங்களைச் சொல்லச் சொல்கிறேன். நீங்கள் என்னைத் திட்டி எழுதினால் அதைப் படிப்பேன். எழுதாவிட்டாலும் உங்கள் தங்கையின் விரல்கள் நன்றாக இருக்க வேண்டும், அவை துணியில் ஓட்டை தேடுவதிலேயே தேய்ந்துவிடக் கூடாது என்று உங்கள் சாமியிடம் நீங்கள் கேளுங்கள். எங்கள் சாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
வர்ஷினி

மே 23, சனிக்கிழமை.

இந்தக் கடிதத்தை ஒன்பது நாள் தபாலில் சேர்க்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று அருள்செல்வன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏழு கும்மிப் பாட்டுகளுக்கும் இசை நித்தீஷ் என்று எழுதிய ஒப்பந்தத்தில் நித்தீஷ் கையெழுத்துப் போட்டான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.